கத்திரி வெயிலில் கைக்கு ஒரு வேலை

வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் ஒருவரிடம் சித்திரை மாதத்து நடுப்பகலில் ‘மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது, பசியோடு இருப்பவரிடம் சமையல் குறிப்பைப் படித்துக் காட்டுவதைப் போன்றது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதிக்கிறது. மின்விசிறி அந்தக் கொதிப்பையே வாரிக் கீழே இறைக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒரு காது தெருவிலேயே இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு வீட்டிலுள்ள நான்கு பேரும் காரணமே இல்லாமல் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வர எல்லோருக்கும் வசதி இல்லை. போய்வந்தவர்களுக்கும் மூன்றாம் நாள் பழைய கதைதான்.

வீட்டை விட்டு அதிக தூரம் போகாமலும், பெரிதாகச் செலவு செய்யாமலும், கையால் செய்யும் சில கலை வேலைகளைக் கொண்டு இந்த இரண்டு மாதங்களில் மனதுக்குக் கொஞ்சம் நிழல் தேடிக்கொள்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். பல கோடைகளில் பலவற்றைத் தொடங்கிப் பாதியில் விட்ட பிறகு நான் கண்டுகொண்டது ஒன்றுதான். ‘எனக்கு எந்தக் கலை வரும்?’ என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த வேலை எதுவும் என்னிடம் நிலைக்கவில்லை. ‘இந்த நேரத்தில் இந்த வீட்டில் என்ன வெயில், என்ன காற்று?’ என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவைதான் இன்றுவரை கூட வருகின்றன.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். ஒரு கோடையில் நீர்வண்ணங்களும் தூரிகைகளும் கனமான தாள்களும் ஆசை ஆசையாக வாங்கி, நேரம் கிடைத்தது நடுப்பகலில்தான் என்பதால், ஒரு மணிக்கு மாடி அறையில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். தட்டில் எடுத்த வண்ணம் தூரிகை போய்ச் சேருவதற்குள் இறுகியது. விசிறியை நிறுத்தினால் நெற்றி வியர்வை தாளில் சொட்டியது, ஓடவிட்டால் தாள் பறந்தது. நான்காம் நாள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு, எனக்குக் கலையே வராது என்று இரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்கு அந்த வேலை பொருந்தாது என்பது அப்போது தோன்றவில்லை.

முதலில் காற்றைப் பாருங்கள்

வடசென்னைக்காரருக்குக் கோடையில் இருக்கும் பெரிய செல்வம் கடற்காற்று. காலையிலிருந்து தரை சூடேறிக்கொண்டே போகிறது, கடல் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. தரைமேல் உள்ள சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டி இது வந்துவிடும். மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் மட்டும் இரண்டு மூன்று மணி வரை இழுத்தடிக்கும், அன்றுதான் ஊர் வெந்துபோகும். மே மாதம் முதல் வாரத்தில் தொடங்கிக் கடைசி வாரம் வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திரத்தில் இத்தகைய நாட்கள் அதிகம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் காற்று முதலில் வரும். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் கொஞ்சம் தாமதமாகும்.

ஒரு வாரம் வேறெதுவும் செய்ய வேண்டாம். கொடியில் காயும் துணி எந்த நேரத்தில் மேற்கு நோக்கி ஆடத் தொடங்குகிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் துணி மேற்கே சாயும். இந்தக் குறிப்பே முதல் பயிற்சி. உங்கள் நாளைக் காலை, காற்று வருமுன், காற்று வந்தபின், இரவு என்று நான்காகப் பிரித்துக்கொள்ள இதுவே போதும். வெயிலைத் திட்டிக்கொண்டே இருந்தவர் வெயிலைக் கவனிப்பவராக மாறுவதற்குள் ஒரு வாரம் போய்விடும் என்பது இதில் உபரி லாபம்.

காலை: புள்ளியும் கோடும்

விடிவதற்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட நேரம் கோலத்துக்கு உரியது. அந்த நேரத்தில் பெரும்பாலும் காற்று அசைவதில்லை, ஆகவே மாவு பறக்காது. தண்ணீர் தெளித்த வாசலும் சட்டென்று காயாது. கோலம் பெண்களின் வேலை என்று ஒதுங்கும் ஆண்களுக்கு ஒரு சொல்: நோட்டில் போடும்போது அது யாருடைய வேலையும் இல்லை, வெறும் கணக்கு. முதல் பத்து நாள் நோட்டிலேயே போடுங்கள். பிள்ளைகளின் பழைய கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் அதுவே மிக நல்லது.

தொடக்கத்துக்குச் சிக்குக் கோலத்தையே நான் பரிந்துரைப்பேன். பூக்கோலத்தில் அழகு பார்த்துப் பார்த்துக் கை தயங்கும். சிக்குக் கோலத்தில் கோட்டுக்கு ஒரு விதி உண்டு, அதைப் பின்பற்றினால் போதும், அழகு தானாக வரும். மூன்று வரிசைகளில், வரிசைக்கு நான்கு புள்ளிகள் நேர்ப்புள்ளியாக, அதாவது ஒன்றன்கீழ் ஒன்று நேராக வருமாறு, வையுங்கள். ஏதாவது ஓரத்தில் தொடங்கி, கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகக் கடந்து செல்லட்டும்; ஓரத்துக்கு வந்ததும் அங்குள்ள புள்ளியைச் சுற்றி வளைந்து மீண்டும் உள்ளே சாயட்டும். வழியில் தான் போட்ட கோட்டையே குறுக்கே வெட்டும், அதற்காக நிறுத்த வேண்டாம். பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றிவிட்டுக் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். கை ஒருமுறைகூட எழாது.

இனி நான்கு வரிசையில் நான்கு புள்ளி வைத்து அதே விதிப்படி போட்டுப் பாருங்கள். கோடு பாதியிலேயே தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடும். சுற்றாத புள்ளிகள் மிச்சமிருக்கும். இன்னொரு கோடு தொடங்க வேண்டும், பிறகு இன்னொன்று, மொத்தம் நான்கு. நாலுக்கு ஆறு வைத்தால் இரண்டு கோடுகள் வரும். மூன்றுக்கு ஐந்து வைத்தால் ஒன்றே ஒன்று. பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான் இங்கே வேலை செய்கிறது: வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை தனிக் கோடுகள். இதை யாரும் சொல்லித்தராமல் ஒரு மே மாதக் காலையில் நோட்டில் கண்டுபிடித்தபோது, அன்றைய பகல் முழுவதும் எனக்கு வெயில் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் நடந்தது அதுதான்.

கை பழகியதும் வாசலுக்கு வாருங்கள். மாவைப் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் எடுத்து, விரல்களை உருட்டிக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். நகர்த்தும் வேகம் கூடினால் கோடு இழையும், குறைந்தால் குவியும். மூச்சு பதறினால் கோட்டில் தெரிந்துவிடும். தவறினால் அழித்துத் திருத்த வேண்டாம். அன்றைய கோலம் அப்படித்தான் இருக்கட்டும்; எட்டு மணிக்குள் யாராவது சைக்கிளை ஏற்றிவிடப் போகிறார்கள்.

இடைப்புள்ளிக் கோலத்துக்கு (மேல் வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளிகள் அமைவது) போக விரும்புகிறவர்கள் நடுவரிசையில் 7 புள்ளியில் தொடங்கி, இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4-இல் நிறுத்தும் சிறிய வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 37 புள்ளிகள், ஒரு சிறிய வாசலுக்குச் சரியாக இருக்கும்.

நடுப்பகல்: குண்டுமல்லி

பதினொன்று முதல் மூன்று வரை வெளியே போகக் கூடாது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய வேலையும் கூடாது. மனம் மிக எளிதில் சிடுசிடுக்கும் நேரமும் இதுதான். இதற்கு என் அனுபவத்தில் பூ கட்டுவதற்கு நிகரான வேலை இல்லை. கோடைதான் மல்லிகைக்குப் பருவம். விடியலில் பறித்த குண்டுமல்லி மொட்டு மாலையில்தான் மலரும், ஆகவே மலர்வதற்கு முன் மொட்டாக இருக்கும்போதே தொடுத்துவிட வேண்டும். வெளியே போக முடியாத அந்தச் சில மணி நேரமும் பூ காத்திருக்கும் நேரமும் ஒன்றாகப் பொருந்திவருகின்றன. காலையில் கடைக்குப் போகும்போது 100 கிராம் உதிரிப்பூ வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பூக்காரம்மாவிடம் கேட்டால் வாழைநாரும் சேர்த்துத் தருவார்கள். நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பூ கட்டும் நூலே போதும்.

தரையில் சுவரோரமாக உட்காருங்கள். விசிறி நேரடியாகப் படாத இடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நார் உலர்ந்து விரலுக்கிடையில் அறுந்துபோகும். இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே இரண்டு மொட்டுகளை, தலை வெளிப்பக்கமாகவும் காம்பு உட்பக்கமாகவும் இருக்குமாறு பிடியுங்கள். அவற்றின் காம்புகள் மேல், தலை எதிர்ப்பக்கம் நோக்கியிருக்குமாறு இன்னும் இரண்டு மொட்டுகளை வையுங்கள். நான்கு காம்புகளும் சேருமிடத்தில் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வலக்கை விரலில் அதை வளைத்து ஒரு கண்ணி செய்து, காம்புகளுக்கு மேலாக மாட்டி இழுக்க வேண்டும். இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அழுத்தி இழுத்தால் காம்பு துண்டாகி மொட்டு மடியில் விழும். தளர்த்தி இழுத்தால் சரம் தூக்கிய உடனே பொலபொலவென்று உதிரும். முதல் முழம் நிச்சயம் பல் விழுந்த சீப்பு மாதிரி வரும். என் அத்தை அதைப் பார்த்துவிட்டு, ‘இதைச் சாமிக்குப் போடாதே, சாமிக்கே பாவமாக இருக்கும்’ என்றார்; பிறகு தன் கையால் என் விரலைப் பிடித்து இழுப்பின் அளவைக் காட்டினார். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெரிந்த ஒருவர் அருகில் உட்கார்ந்து காட்ட வேண்டும். வடசென்னைத் தெருக்களில் கூலிக்குப் பூ கட்டும் அக்காமார்கள் இல்லாத தெரு குறைவு. ‘அக்கா, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?’ என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அது முழத்துக்கு இவ்வளவு என்ற பிழைப்பு என்பதை நினைவில் வைத்து, பேச்சுக் கொடுத்துக் கையை நிறுத்திவிடாதீர்கள்.

சுமார் அரை மணி கடந்ததும் ஒரு மாற்றம் நிகழும். இரண்டு, இரண்டு, சுற்று, கண்ணி, இழுப்பு என்று கை தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்போது, பல நாளாக ஒதுக்கி வைத்திருந்த எண்ணம் ஒன்று தானாக மேலே வரும். கடன், அண்ணன் தம்பிப் பேச்சு, போனில் எடுக்காமல் விட்ட அழைப்பு என எதுவாகவும் இருக்கலாம். அதைத் துரத்தவும் வேண்டாம், பின்னாலேயே ஓடவும் வேண்டாம். அடுத்த நான்கு மொட்டுகளை எடுங்கள். கட்டி முடித்த சரத்தை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பார்க்கும்போது, அந்த எண்ணம் எந்த இடத்தில் வந்தது என்பது பெரும்பாலும் நினைவிருக்கும். அந்த இடத்தில் சரம் கொஞ்சம் இறுகியிருக்கும்.

பூ ஒத்துவராதவர்கள் ஒயர் கூடை பின்னலாம். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று பின்னல் வகைகள் பல. சாதாரணப் பின்னலில் தொடங்குவது நல்லது. ஒரே குறை, அடிப்பாகம் போடும்போது எண்ணிக்கை தவறினால் மூன்று நாள் கழித்துத்தான் தெரியவரும்.

காற்று வந்தபின்: காசிமேட்டில் அசையாத படகுகள்

படம் வரைய விரும்புகிறவர்களுக்கு வடசென்னைக் கோடை தரும் வாய்ப்பு மற்ற மாதங்களில் கிடைக்காது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் இந்த நாட்களில் கடலுக்குப் போவதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அத்தனை விசைப்படகுகளும் தோளோடு தோள் உரசி நிற்கும். மற்ற மாதங்களில் நீங்கள் ஒரு படகைப் பாதி வரைவதற்குள் அது கிளம்பிவிடும். இப்போது நேற்று விட்ட கோட்டை இன்று வந்து தொடரலாம்.

நான்கரை மணிக்கு மேல், காற்று நிலைத்த பிறகு போங்கள். ஒரு 2பி பென்சில், தடித்த அட்டை உள்ள சிறிய நோட்டு, தாள் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப், ஒரு பாட்டில் தண்ணீர் போதும். தாளுக்காகச் செலவழிக்கத் தேவையில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வியாபாரம் செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய தாள்களைக் கேட்டு வாங்கி, நடுவில் தைத்து நோட்டாக்கிக்கொள்ளலாம். அந்தத் தையலும் ஒரு நாள் பகலுக்கு நல்ல வேலை.

எல்லாப் படகுகளையும் பார்க்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் தண்ணீர்க் கோட்டைப் போட்டு, அதிலிருந்து அணியம் (படகின் முன்மூக்கு) எந்தச் சாய்வில் எழுகிறது என்பதைப் பென்சிலைக் கண்ணுக்கு நேரே நீட்டி அளந்து போடுங்கள். அந்த ஒரு சாய்வு சரியாக வந்துவிட்டால் மீதி ஏறக்குறைய தானாக அமையும். அது தவறினால் எவ்வளவு விவரம் சேர்த்தாலும் தொட்டி மாதிரி இருக்கும். ரப்பர் எடுத்துப் போக வேண்டாம். இருபது நிமிடம் ஆனதும் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் வரையாமல் வெறுமனே பாருங்கள். வரையும்போது தெரியாத கயிறும் துருவும் பழைய சாயத்தின் அடுக்கும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒரு மரியாதை முக்கியம். நமக்கு இது ஓய்வு, அங்கே இருப்பவர்களுக்கு வருமானம் நின்ற இரண்டு மாதம். வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டும் படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டும் இருப்பவர்களை வேடிக்கைப் பொருளாக நடத்தாதீர்கள். ‘அண்ணே, இப்படி ஓரமாக உட்கார்ந்து இந்தப் படகை வரைந்துகொள்ளட்டுமா?’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். விரித்த வலையை மிதிக்காதீர்கள். ஆளை வரைவதானால் தனியாகக் கேளுங்கள். ஒருமுறை நான் வரைந்த படகைப் பார்த்த முதியவர் ஒருவர், ‘இந்தக் கயிறு இப்படிக் கட்டியிருந்தா படகு ராத்திரியே போயிருக்கும்’ என்றார். அவர் சொன்னபடி மாற்றிப் போட்டதும்தான் படம் நின்றது.

துறைமுகச் சந்தடி பிடிக்காதவர்களுக்கு ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இங்கிருந்து வாலாஜா வரை தொடங்கியது. முகப்பின் தூண் வரிசையைச் சாலைப்பக்கத்து நிழலிலிருந்து வரையலாம். ஒரே தூணைத் திரும்பத் திரும்பப் போடுவது கோலத்தைப் போலவே கையை அடக்கும். காலையில் ஓய்வு உள்ளவர்கள் பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவிலுள்ள அர்மேனியத் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். 1772-இல் எழுந்த கட்டடம். அர்மேனியர் தெருதான் மக்கள் வாயில் அரண்மனைக்காரத் தெருவாயிற்று. வெளியே லாரிகளும் ஆட்டோக்களும் முட்டிக்கொண்டிருக்க, வாசலைத் தாண்டி உள்ளே போனால் கல்லறைக் கற்கள் பதித்த முற்றத்தில் ஊர்ச் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். அங்கே நான் வரைவதில்லை, எழுதுவதுதான்.

இரவு: மூன்று வரி

எழுதுவது என்றதும் நாட்குறிப்பு என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். மூன்றே வரி போதும். மொட்டை மாடியில் பாய் விரித்து, தூக்கம் வருமுன், முதல் வரியில் அன்று கை என்ன செய்தது என்று எழுதுங்கள். இரண்டாம் வரியில் அப்போது கண்ணோ காதோ பிடித்த ஒரு பொருள். மூன்றாம் வரியில் வந்துபோன எண்ணம், முடிந்தால் ஒரு கேள்வியாக. ‘மனம் பாரமாக இருந்தது’ என்பதைவிட ‘மூன்றாம் கண்ணியில் நார் அறுந்தது, அப்போது தம்பியை நினைத்தேன், அவனை நான் ஏன் இன்னும் கூப்பிடவில்லை?’ என்பது பத்து நாள் கழித்துப் படிக்கும்போது உங்களுக்கு அதிகம் சொல்லும். மின்சாரம் போன இரவாக இருந்தால் எழுத வேண்டாம், வாயால் சொல்லிப் பாருங்கள். காலிக் குடத்தின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. கானா பிறந்த மண்ணில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது. சாவைக்கூடத் தாளத்தில் வைத்துப் பாடி ஆற்றிக்கொண்ட தெருக்கள் இவை. இரண்டடி எதுகை சேர்ந்தால் அதை மறுநாள் நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

வாரத்தில் ஒரு மாலை நோட்டை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போங்கள். பட்டினத்தார் சமாதிப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்து, அந்த ஏழு நாட்களின் இருபத்தொரு வரிகளையும் ஒரு முறை படியுங்கள். திருத்தாதீர்கள். ஒரே கேள்வி இரண்டு மூன்று முறை வந்திருந்தால் அதன் கீழ் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். நான்கு நேரத்துக்கும் நான்கு கலை என்று அட்டவணை போட்டால் அதுவே இன்னொரு அலுவலகமாகிவிடும். செய்ததை உடனே படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பும் ஆசையை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். பாராட்டு வந்ததா என்று பார்க்கத் தொடங்கிய கை பழையபடி போனுக்கே போய்விடும். வெளியே போகும்போது நீர்மோரோ தண்ணீரோ கையில் இருக்கட்டும். தலை சுற்றினால் படகும் வேண்டாம், படமும் வேண்டாம், நிழலுக்கு வந்துவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது கோலத்தால் தீர்வதன்று. மருத்துவரைப் பாருங்கள், டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. படகை வரையத் தொடங்கிய அன்றே அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைத் தாளின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் 14 இரவு கடந்ததும் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, படகுகள் ஒவ்வொன்றாக வெளியேறிவிடும். உங்கள் படம் பாதியில் நிற்கும். சில நாள் கழித்து அவை மீனோடு திரும்பி வரிசை மாறிக் கட்டி நிற்கும்போது, உங்கள் படகு எது என்று அந்த எண்ணை வைத்துத்தான் தேட முடியும்.